மூக்கு இல்லாமல் வைத்த ஸ்டூ

என் அக்கா தீயணைப்பு நிலையத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். அதில் நடுவே ஒரு இரண்டு வருடம், அவளுக்கு எந்த வாசனையும் தெரியாது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள், இன்னொருத்தி நான். அவள் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. இனி இதை எழுதினால் யாருக்கும் வேலை போகாது.

அக்கா குள்ளம். ஹெல்மெட் மாட்டினால் காளான் மாதிரி இருப்பாள் என்று நான் கேலி செய்வேன். ஆனால் ஐம்பது கிலோ ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறுவாள். எரிகிற கட்டடத்துக்குள் முதலில் நுழைவது இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக அவளை நிறுத்த ஆறு வருடம் பிடித்தது. அந்த இடத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஒருநாள் ஏணிப் பயிற்சியில் ஏணியின் கால் வழுக்கியது. அக்காவின் பின்மண்டை சுவரில் மோதியது. ஹெல்மெட் அப்போது அவள் கையில் இருந்தது, தலையில் இல்லை. இரண்டு நாள் தலைவலி என்று படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் எழுந்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பால்" என்றேன்.

"பாலுக்கு என்ன?"

"கருகுது."

திரும்பிப் பார்த்தாள். பால் பொங்கி வழிந்து, அடி கறுத்து, சமையலறை முழுக்கப் புகை. அவள் அதற்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள். அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தின் மேல் குனிந்து மூச்சை இழுத்தாள். பிறகு காப்பிப்பொடி டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாள். ஒரு பூண்டை நசுக்கிப் பார்த்தாள். கடைசியில் வாசலுக்குப் போய் என் செருப்பில் ஒன்றைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"உன் செருப்புகூடத் தெரியலைடி" என்றாள். "அப்படின்னா நிஜமாவே போயிடுச்சு."

நிலையத்து டாக்டரிடம் போகாமல், ஊரின் மறுகோடியில் எங்களை யாரென்றே தெரியாத ஒரு டாக்டரைத் தேடிப் போனோம். மோதியதில் மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு அறுந்திருக்கலாம், ஒரு வருடத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. தெரிஞ்சா என்னை மாடியில உட்கார வச்சிடுவாங்க."

மாடி என்றால் கன்ட்ரோல் ரூம். இரண்டு தொலைபேசி, ஒரு வயர்லெஸ் பெட்டி, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்க்கும் ஒரு ஜன்னல். உடம்பில் ஏதாவது பழுதானவர்களை அங்கேதான் அனுப்புவார்கள்.

"முட்டி போனவங்க, முதுகு போனவங்க இருக்கிற ரூம்டி அது. மூக்கு போனவ ஒருத்தி வேற போகணுமா?"

வருடத்துக்கு ஒருமுறை மருத்துவப் படிவம் வரும். 'புலன்களில் குறை ஏதும் உண்டா?' என்று ஒரு கேள்வி; எதிரே உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். அக்கா 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டாள். பேனா தானாகப் போய்விட்டது என்று என்னிடம் சொன்னாள். அடுத்த வருடமும் அது தானாகவே போனது.

நெருப்புக்குள் போகும்போது அவளுக்கு மூக்கு பெரிதாகத் தேவைப்படவில்லை. மூச்சுக் கருவி மாட்டினால் யாருக்குமே வாசனை தெரியாது. அவளைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது சமையலறை.

அவர்கள் ஷிஃப்டில் ஆறு பேர். தினம் ஒருவர் மதியச் சாப்பாடு சமைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறாவது நாள் அக்காவுடையது. வேறு இடமாக இருந்தால் சமாளித்திருக்கலாம். அங்கே மூக்கன் இருந்தார்.

மூக்கன் என்பது அவருக்கு எல்லோரும் வைத்த பெயர். அக்காவோடு சேர்ந்து உள்ளே நுழைகிற இன்னொருவர் அவர்தான். பெரிய மூக்கு, அதைவிடப் பெரிய பெருமை. வண்டி போய்ச் சேர்வதற்கு இரண்டு தெரு முன்னாலேயே தலையை வெளியே நீட்டி, "மெத்தை எரியுது, பஞ்சு இல்ல, ஸ்பாஞ்சு" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியில்லாத நாட்களில் காற்றைக் குறை சொல்வார்.

மூக்கு போன பிறகு வந்த அக்காவின் முதல் சமையலில் வெங்காயம் கருகியது. வண்டி கழுவிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே மூக்கன் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, வெங்காயத்துக்குத் தண்ணி அடிக்கணுமா? வண்டியை எடுக்கச் சொல்லட்டுமா?"

அடுத்த முறை முந்தின வாரத்துப் பாலைச் சூப்பில் ஊற்றிவிட்டாள். ஆறு தட்டும் அப்படியே திரும்பி வந்தன. "சமைக்கிறப்போ உன் நினைப்பெல்லாம் எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார் மூக்கன். அந்தக் கேள்வியில் கேலி குறைந்து சந்தேகம் கூடியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்த அக்கா, "இன்னும் ரெண்டு தடவை சமைச்சா மாட்டிக்குவேன்" என்றாள்.

அவளைக் காப்பாற்றியது புகை இறைச்சிக் கடை. கடைக்குப் பின்னால் இறைச்சிக்குப் புகை போடும் அறை உண்டு. அதன் புகைபோக்கியைப் பரிசோதிக்க வருடத்துக்கு ஒருமுறை நிலையத்திலிருந்து யாராவது போவார்கள். அந்த வருடம் அக்கா போனாள். கடைக்காரர் வேறு நாட்டிலிருந்து வந்தவர், எல்லாவற்றையும் கையால் பேசுகிறவர். தன் வீட்டில் பீன்ஸும் சாசேஜும் புகை இறைச்சியும் போட்டு ஒரு ஸ்டூ வைப்பார்கள், காலையில் ஏற்றினால் மதியம்தான் இறங்கும் என்று வர்ணித்துக்கொண்டே போனார். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கொஞ்சம் அடிப்பிடிச்சா தெரியுமா?"

"இதுல புகை வாசனை வரலைன்னாத்தாம்மா ஜனங்க கேள்வி கேட்பாங்க" என்றார் அவர்.

நின்ற இடத்திலேயே இரண்டு கிலோ வாங்கினாள். ஒளிந்துகொள்ள நல்ல புதர் கிடைத்த முயல் மாதிரி வீட்டுக்கு வந்தாள்.

ஆனால் கடைக்காரர் சொன்னபடி வைத்தபோது, அவள் வாயில் அது உப்புத் தண்ணீர் மாதிரி இருந்தது. மூக்கு போனவர்களுக்கு நாக்கு மட்டும்தான் மிச்சம். நாக்குக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உப்பு தெரியும், புளிப்பு தெரியும், இனிப்பும் கசப்பும் தெரியும். காரம் எரிச்சலாகத் தெரியும். அவர் சொன்ன வாசனை இலைகள் எல்லாம் அவளுக்கு வெறும் காகிதம். அதனால் தனக்குத் தெரிந்ததை எல்லாம் உள்ளே தள்ளினாள். தக்காளியை இரண்டு மடங்காக்கினாள். காய்ந்த மிளகாய், இஞ்சி, மிளகு சேர்த்தாள். கடைசியில் எலுமிச்சை பிழிந்தாள். சீரக வாசனை அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அம்மா போடுகிற கைக்கணக்கில் அதையும் வறுத்துப் போட்டாள். கடைக்காரரின் சட்டிக்குள் எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டி இறங்கியது இப்படித்தான். பிறகு சாப்பிட்டவர்கள் எல்லாம், 'இந்த ரெண்டையும் சேர்க்கணும்னு எப்படித் தோணுச்சு?' என்று வியந்தார்கள். அவள் சிரித்து மழுப்புவாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை நடந்தது. மூக்கு என்னுடையது.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்."

"தட்டை வழிச்ச பிறகு சொல்றியே. முதல் வாய்க்கு முன்னாடி மோந்து பார்த்துச் சொல்லணும்டி."

மோந்து பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

அவள் அதை வைக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். சிவப்பு பீன்ஸை முந்தின நாளே ஊறப் போடுவாள். நிலையத்தில் அதற்கென்று புதிதாக ஒரு மணல் வாளி எடுத்து வைத்திருந்தாள். 'FIRE' என்று எழுதியிருக்கும். மறுநாள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதல் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு தீயைக் குறைப்பாள். வெந்ததா என்று பார்க்க ஒரு பீன்ஸைக் கரண்டியில் எடுத்து ஊதுவாள். தோல் சுருண்டு எழுந்தால் வெந்துவிட்டது. சாசேஜைக் காதால் வறுப்பாள். வாணலியில் போட்டதும் அது சடசடவென்று கத்தும்; உள்ளே இருக்கிற தண்ணீர் வற்றியதும் குரல் இறங்கி முணுமுணுக்கும். முணுமுணுக்க ஆரம்பித்ததும் எடுத்துவிட வேண்டும். புகை இறைச்சியைப் பகடைக்காய் அளவுக்கு நறுக்கி, அதன் கொழுப்பு கண்ணாடி மாதிரி ஆகும் வரை விடுவாள். அந்தக் கொழுப்பிலேயே வெங்காயம். வெங்காயத்தின் நிறம் தப்பக் கூடாதென்று ஹெல்மெட்டை மாட்டி, அதன் விளக்கைப் போட்டுக்கொண்டு சட்டிக்குள் பார்ப்பாள்.

"சமைக்கிறியா, சுரங்கம் தோண்டுறியா?" என்று ஆபீசர் ஒருமுறை கேட்டார். நிலையத்தின் தலைமை அலுவலர் அவர். எல்லோருக்கும் அவர் ஆபீசர்தான்.

"கண்ணு கொஞ்சம் மங்கல் சார்" என்றாள் அக்கா. அதற்கு அவளைக் கண் டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். கண் அருமையாக இருக்கிறது என்று சான்றிதழ் வந்தது.

எல்லாம் வெந்ததும் ஒரு கரண்டி பீன்ஸை மட்டும் மசித்து மறுபடி சட்டியில் விடுவாள். ஸ்டூ கெட்டியாகி, கரண்டியிலிருந்து கனமாக விழும். இறைச்சியிலிருந்தே உப்பு இறங்குமென்பதால் கடைசியில்தான் உப்பு பார்ப்பாள். எலுமிச்சை, இறக்கிய பிறகு.

முதல் நாள் பரிமாறியபோது மூக்கன் தட்டைத் தூக்கி வெகுநேரம் மோந்தார்.

"இதுல ஏதோ கருகியிருக்கு" என்றார்.

"புகை இறைச்சிண்ணே."

"அதானே பார்த்தேன்" என்று சொல்லி, மூன்று தட்டு சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆறாவது நாள் என்றால் ஸ்டூதான். அந்த நாளில் யாரும் லீவு போட மாட்டார்கள். பக்கத்து நிலையத்து வண்டி, ஹோஸ் கடன் வாங்குகிற சாக்கில் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நிற்கும். அந்த ஹோஸ் ஒருமுறையும் பயன்பட்டதாகத் தெரியவில்லை. நடுவில் மணி அடித்தால் அடுப்பை நிறுத்திவிட்டு ஓடுவார்கள். திரும்பி வந்து மறுபடி ஏற்றுவார்கள். மூன்று தடவை மணி அடித்த நாளின் ஸ்டூதான் மிகச் சிறந்தது என்று வண்டி ஓட்டுகிற ஒட்டகம் சத்தியம் செய்வார். கழுத்து நீளமாக இருந்ததால் அவர் ஒட்டகம்.

அந்த மணியில்தான் அக்கா மாட்டினாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மணி அடித்தால் அடுப்பின் திருகுகளைத் தேடி நேரத்தை வீணாக்க மாட்டார்கள். சிலிண்டர் பின்வாசலுக்கு வெளியே, இரும்புக் கூண்டுக்குள் இருக்கும். வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவர் ஓடுகிற ஓட்டத்தில் அதன் வால்வை மூடிவிடுவார், அவ்வளவுதான். திரும்பி வந்ததும் சமைக்கிறவர் திருகுகளை மூடி, பிறகு வால்வைத் திறந்து, அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

அன்று காலை பதினொரு மணிக்கு மணி அடித்தது. ஒட்டகம் வால்வை மூடினார். சாலையில் ஒரு மரம் விழுந்திருந்தது. வெட்டி ஒதுக்கிவிட்டு அரை மணியில் திரும்பினார்கள். ஒட்டகம் பூட்ஸ் கழுவப் பின்பக்கம் போனவர், அக்கா மறுபடி சமைக்க வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் வால்வைத் திறந்துவிட்டார். அவர் திறந்தது அக்காவுக்குத் தெரியாது. அடுப்பின் திருகு திறந்தபடியே இருந்தது. நெருப்பில்லாத அடுப்பிலிருந்து கேஸ் வந்துகொண்டிருக்க, அக்கா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மிச்சமிருந்த சாசேஜை நறுக்கினாள். முடித்துவிட்டு எழுந்து லைட்டரைக் கையில் எடுத்தாள்.

வாசலில் மூக்கன் நின்றார். நேராக வந்து அவள் கையிலிருந்த லைட்டரைப் பிடுங்கினார், திருகை மூடினார், ஜன்னலைத் திறந்தார், அவள் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"உனக்கு ஜலதோஷமா?"

"இல்லண்ணே."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று பிறகு நான் கேட்டேன். "தோணலைடி" என்றாள்.

மூக்கன் அவளையே பார்த்தார். குனிந்து ஒரு பூட்ஸைக் கழற்றி, சாக்ஸை உருவி, அவள் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

"என்ன தெரியுது?"

அக்கா சாக்ஸைப் பார்த்தாள். "கட்டைவிரல்கிட்ட கிழிஞ்சிருக்கு" என்றாள்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை நாளா?" என்றார்.

"ரெண்டு வருஷம்."

"அப்போ போன மாசம் துணிக் கிடங்குல..."

கிடங்கில் தீ அணைந்த பிறகு முகமூடியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு அறையாக மோந்து பார்த்து, எங்கேயும் கனல் மிச்சமில்லை என்று சொல்ல வேண்டியது அவர்கள் இருவர் வேலை. கடைசி அறை சரியாக இருக்கிறது என்று அக்கா சொல்லியிருந்தாள். கையுறையை மறந்து வைத்துவிட்டுத் தற்செயலாகத் திரும்பிப் போன மூக்கன், ஒரு துணிக்கட்டு உள்ளுக்குள் புகைவதைக் கண்டுபிடித்தார். அன்று அதை அவள் அசட்டை என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் விட்டிருந்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா இனிமே உன்கூட உள்ளே வர மாட்டேன். எனக்குப் பின்னாடி ஒரு மூக்கு இருக்குன்னு நம்பித்தாம்மா நான் முன்னாடி போறேன்."

"ஆபீசர் காரணம் கேட்பாரே."

"வயித்து வலின்னு சொல்லிக்கிறேன்."

சொன்னபடியே செய்தார். அடுத்த ஷிஃப்டில், "சார், இன்னிக்கு நான் வெளியே நின்னு பம்ப் பார்த்துக்கிறேன், வயிறு சரியில்ல" என்றார். அதற்கடுத்த ஷிஃப்டிலும் வயிறு சரியில்லை. மூன்றாவது முறை ஆபீசர் விடவில்லை.

"எப்போலேர்ந்துய்யா இப்படி?"

மூக்கனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அன்னிக்கு ஸ்டூ சாப்பிட்டோமே, அதுலேர்ந்து சார்" என்றார்.

அவர் சொன்னது தேதியை. எல்லோர் காதிலும் விழுந்தது ஸ்டூ.

அக்காவின் முறை மறுபடி வந்தது. பன்னிரண்டு லிட்டர் சட்டி நிறைய ஸ்டூ, பக்கத்தில் ரொட்டி. அக்கா கரண்டியோடு நின்றாள். ஒட்டகம் பையைத் திறந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த முட்டையை உரிக்க ஆரம்பித்தார். இன்னொருவர் வாழைப்பழம் சாப்பிட்டார். ஆபீசர் ரொட்டியில் ஜாம் தடவினார். பக்கத்து நிலையத்து வண்டி அன்று வரவே இல்லை. அதுதான் அவளை அதிகம் வதைத்ததாம்.

"ஏன் யாரும் தட்டு நீட்டலை?" என்றாள்.

ஒட்டகம் முட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதேக்கா. எனக்கு ரெண்டு குழந்தை இருக்கு."

"என் ஸ்டூவுக்கும் உன் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்?"

"உன்னைக் குத்தம் சொல்லலைம்மா" என்றார் ஆபீசர். "அந்த இறைச்சிக் கடை மேலதான் எனக்கு சந்தேகம். கெட்டுப்போனதைப் புகை போட்டு மறைச்சு விக்கிறான் போல. மதியம் சுகாதார ஆபீசுக்கு போன் பண்ணிக் கடையை மூடச் சொல்லப் போறேன்."

மூக்கன் மேசையின் கோடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

அக்கா அந்த நிமிடத்தைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். மாடி அறை, உள்ளே நுழைகிற இடம், ஆறு வருடம் எல்லாமே நினைவுக்கு வந்தனவாம். ஆனாலும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது சட்டியை. இவ்வளவு நல்ல ஸ்டூ கண் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. கையால் பேசுகிற அந்த மனிதரின் கடைக்குப் பூட்டுப் போடப் போகிறார்கள்.

"கடைக்காரரை விட்டுடுங்க சார்" என்றாள். "இறைச்சி நல்லாத்தான் இருக்கு. என் ஸ்டூவும் நல்லாத்தான் இருக்கு. மூக்குதான் சரியில்ல."

"யார் மூக்கு?"

"என் மூக்கு. ரெண்டு வருஷமா எதுவும் தெரியலை. அண்ணனுக்கு வயித்து வலி எதுவும் இல்ல. எனக்காகச் சொன்னாரு."

ஒட்டகத்தின் கையில் பாதி உரித்த முட்டை அப்படியே நின்றது. மூக்கன் மட்டும் எழுந்து வந்தார். ஒரு தட்டை எடுத்து நாலு கரண்டி போட்டுக்கொண்டு, ரொட்டியைக் கிழித்துத் தோய்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

"வயிறு?" என்றார் ஒட்டகம் மெதுவாக.

"இப்பதான் சரியாச்சு."

ஒட்டகம் முட்டையைப் பைக்குள் போட்டார். மூக்கன் வேண்டுமென்றே அவளை அந்த முனைக்குத் தள்ளினாரா என்று நான் பிறகு அவரிடமே கேட்டிருக்கிறேன். வயிறு வலித்தது உண்மை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

ஆபீசர் இரண்டு தட்டு சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "என் ரூமுக்கு வா" என்றார். அங்கே அரை மணி நேரம் திட்டினார். கேஸ் விஷயத்தை அவள் சொன்னபோது திட்டுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். "நான் எழுதித்தான் ஆகணும், தெரியுமில்ல?" என்றார். "தெரியும் சார்" என்றாள். ஒரு எச்சரிக்கைக் கடிதம் அவள் கோப்பில் ஏறியது. அடுத்த மாதத்திலிருந்து மாடி.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்கள் அடுப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள். பித்தளை மாதிரி மின்னும் வரை தேய்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"ரெண்டு வருஷமா அந்த மனுஷன் முதுகுக்குப் பின்னாடி நிக்கிறப்பல்லாம் ஏமாத்தறோமேன்னு உறுத்தும்டி" என்றாள். "இனிமே உறுத்தாது."

மாடியில் முதல் வாரம் அவள் முகம் சரியாகவே இல்லை. கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிடுவாளாம். ஒரு நல்ல விஷயம், ஆறாவது நாள் அவளுடையதாகவே இருந்தது. மாடியில் இருந்தால் என்ன, ஸ்டூ வைக்கக் கீழே வரக் கூடாதா என்று ஒட்டகம்தான் ஆபீசரிடம் வாதாடினார். ஷிஃப்ட் ஆரம்பிப்பதற்கு முன்பே வந்து அக்கா ஸ்டூவை ஏற்றிவிடுவாள். அடுப்பைப் பற்ற வைப்பது மட்டும் மூக்கன் பொறுப்பு. அதற்கு மேல் அவர் எதையும் தொடக் கூடாது.

மாடியில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. மற்றவர்கள் போனில், எங்கே எரிகிறது, எவ்வளவு எரிகிறது, உள்ளே யார் என்று கேட்பார்கள். அக்கா கூடவே, "என்ன வாசனை வருது?" என்று கேட்பாள். அதுவரை அந்த அறையில் அதை யாரும் கேட்டதில்லை. தனக்குத் தெரியாததை அடுத்தவர் மூக்கிடம் கேட்டு வாங்கிக்கொள்ள அவளுக்கு வெட்கமில்லாமல் போய்விட்டது.

மாடிக்குப் போய் ஒரு மாதம் இருக்கும். அன்றும் ஸ்டூ நாள். சாப்பிட உட்காரும் நேரத்தில் ஒரு பெண்ணிடமிருந்து போன் வந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம், சுவரிலிருந்து புகை வருகிறதாம்.

"புகை எப்படி வாசனை வருதும்மா? துணி மாதிரியா, ரப்பர் மாதிரியா?"

"அது... மீன் மாதிரிங்க."

"நல்லா மோந்து பார்த்தீங்களா?"

"மீனேதாங்க. குமட்டுது."

வயர் சூடேறி உருகும்போது சில சமயம் மீன் வாசனை வரும். அக்கா அவளை மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லி, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். வண்டி அதற்குள் கிளம்பியிருந்தது. வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"சுவருக்குள்ள கரண்ட் தீ. தண்ணி அடிக்காதீங்க. மெயினை அணைக்கச் சொல்லியிருக்கேன்."

மூக்கன் குரல் கரகரத்தது. "பார்க்காம நீ எப்படிம்மா சொல்றே?"

"அந்தம்மா சொன்னாங்க. மீன் வாசனை வருதாம்."

"மதிய நேரம். அவங்க மீன் பொரிச்சிருப்பாங்க."

"அவங்க வீட்டுல மீனே வாங்கறதில்லையாம். பக்கத்து வீட்டுலயும் இல்லையாம். கேட்டுட்டேன்."

வண்டிச் சத்தத்துக்கு நடுவே அவர் யாரிடமோ, "பவுடர் சிலிண்டரை எடுத்து வை" என்பது கேட்டது.

ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி கரகரத்தது.

"ஏம்மா."

"சொல்லுங்கண்ணே."

"வயர்தான்."

"சரிண்ணே. யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. எல்லாரும் வெளியே நிக்கிறாங்க. அந்தப் பொண்ணு உன்னைக் கேட்டுச்சு, போன்ல பேசினது யாருன்னு."

"என்ன சொன்னீங்க?"

"எங்க ஷிஃப்டுதான்னு சொன்னேன்" என்றார் மூக்கன். "கிளம்பிட்டோம். ஸ்டூவைச் சுட வை. இரு, இரு, நீ அடுப்பைத் தொடாதே. நான் வந்து பத்த வைக்கிறேன்."